வாப்பா வைத்த வெள்ளைப் புள்ளி



உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலோ திண்ணை ஓரத்திலோ, மறைந்துவிட்ட ஒருவருடைய பொருள் ஏதேனும் கிடக்கிறதா? ஒரு தையல் இயந்திரமாக இருக்கலாம். ஒரு மிதிவண்டியாக இருக்கலாம். விற்கவும் மனம் வராமல், வைத்துக்கொள்ளவும் வகை தெரியாமல் அதை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்களா? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது. எங்கள் வீட்டில் அப்படிக் கிடந்தது ஒரு ஜீப்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருக்கும் கருங்கல் எங்கள் ஊர். ஒரு பக்கம் சில கல் தொலைவில் மிடாலம் கடற்கரை. மறுபக்கம் மார்த்தாண்டம், குலசேகரம் தாண்டினால் பேச்சிப்பாறை மலையடிவாரம். தென்மேற்குப் பருவமழையும் எங்களுக்குண்டு; வடகிழக்குப் பருவமழையும் எங்களுக்குண்டு. போதாததற்கு உப்புக் காற்று வேறு. ரப்பருக்கும் தென்னைக்கும் இந்த ஈரம் பெரும் அருட்கொடை. இரும்புக்கு இதைவிடப் பெரிய பகை வேறில்லை.

என் வாப்பா ரப்பர் ஷீட் வியாபாரம் செய்தவர்கள். 1989-ஆம் ஆண்டு ஒரு டீசல் ஜீப் வாங்கினார்கள். மலையோரத் தோட்டங்களுக்கு அந்நாளில் சரியான பாதை கிடையாது. ஷீட்டுக் கட்டுகளோடு பால்வெட்டும் தொழிலாளிகளையும் அந்த வண்டிதான் ஏற்றி இறக்கிற்று. நள்ளிரவில் கதவு தட்டப்படும். பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருக்கும். வாப்பா சட்டையை மாட்டிக்கொண்டே சாவியை எடுப்பார்கள். எந்த மதத்தார், எந்த வீட்டார் என்று அவர்கள் கேட்டதை நான் கண்டதில்லை.

2016-ல் வாப்பா இறையடி சேர்ந்தார்கள். ஜீப் சாய்ப்பின் கீழ் நின்றது. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் எங்கள் மாவட்டத்தையே புரட்டிப் போட்டபோது சாய்ப்பின் கூரையும் பறந்தது. நான் அப்போது சவூதியில் இருந்தேன். 22 ஆண்டு உழைப்பை முடித்துக்கொண்டு 2021-ல் ஊர் திரும்பியபோது, ஜீப்பின் தரையில் புல் முளைத்திருந்தது.

பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து பார்த்து, நாற்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். உம்மா ஒன்றும் பேசவில்லை. தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அந்த மௌனம் என்னைச் சுட்டது. "விற்கவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இங்கேதான் என் முதல் பிழை நேர்ந்தது. அதை அப்போது நான் உணரவில்லை.

ஒரு பெயரின் கதை

ஜீப் என்ற வண்டியின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் கேட்டுப் பெற்ற சிறு வண்டி அது. 1941 முதல் வில்லீஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்து குவித்தன. போர் முடிந்தபின் உழவும் தோட்டமும் அதைத் தத்தெடுத்துக்கொண்டன.

நம் நாட்டுக்கு வில்லீஸ் ஜீப்பை 1947-ல் கொண்டுவந்த நிறுவனம் இன்று உலகம் அறிந்த மஹிந்திரா. ஆனால் 1945-ல் அது தொடங்கப்பட்டபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்ட் முஹம்மது' என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கே.சி. மஹிந்திரா, ஜே.சி. மஹிந்திரா என்னும் சகோதரர்களோடு மாலிக் குலாம் முஹம்மதுவும் கூட்டாளியாக இருந்தார். அன்று அவர்களுடையது இரும்பு வணிகம். தேசப் பிரிவினையின்போது குலாம் முஹம்மது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951 முதல் 1955 வரை கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். 1948-ல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' என்று மாறிற்று. கூட்டாளிகள் பிரிந்தார்கள், வண்டி நிற்கவில்லை. ஒரு குடும்பம் பிரியும்போது வண்டி நிற்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நான் பின்னால் கற்றுக்கொண்டேன்.

தரையிலிருந்து தொடங்கினோம்

சவூதியில் நான் மெக்கானிக் அல்லன். ஒரு பணிமனையின் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். பாகங்களின் எண்கள் எனக்கு மனப்பாடம். பாகங்களைக் கழற்றத் தெரியாது. இருந்தும் 2022 ஜனவரியில், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். பாலைவனத்தில் நான் கழித்த ஆண்டுகளில் வளர்ந்துவிட்ட பிள்ளை அவன். எனக்கும் அவனுக்கும் இடையே பேச்சு மிகக் குறைவு. ஜீப்பின் கீழே படுத்தால் பேசித்தானே ஆக வேண்டும்!

முதலில் உட்புறம். தரையில் விரித்திருந்த ரப்பர் பாயை உரித்தோம். வாசகர்களே, பழைய வண்டி வைத்திருப்போர் இதைக் கவனியுங்கள்: தரையைக் காப்பதற்காக விரிக்கும் பாய்தான் தரையைத் தின்கிறது. அதன் அடியில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றி நிற்கிறது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே கீழே மண் தெரிந்தது.

துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்தோம். பாதித் துருவின்மேல் தகடு ஒட்டினால் ஆறு மாதத்தில் அதுவும் போய்விடும். 18 கேஜ் தகட்டை அளவாக வெட்டி, ஊரிலுள்ள வெல்டரை அழைத்துப் பற்றவைத்தோம். அதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பதை மறவாதீர்கள். பிறகு ரெட் ஆக்சைடு இரு பூச்சு, அதன்மேல் வண்ணம். தண்ணீர் வடியும் துளைகளில் அடைத்திருந்த மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்தோம். அந்தத் துளைகள் திறந்திருந்தால் பாதித் துரு வந்தே இராது.

இருக்கைகளின் ரெக்ஸின் கிழிந்து, உள்ளிருந்த தென்னைநார் மட்கிப்போயிருந்தது. ரப்பர் பால் சேர்த்து இறுக்கிய நார் மெத்தையை வாங்கி அளவாக வெட்டினோம். உறை தைக்க ஆள் தேடியபோது உம்மா, "என் மிஷின் இருக்கே" என்றார்கள். ரெக்ஸினுக்குத் தடித்த ஊசி போட்டு, கால் மிதியை விட்டுவிட்டுக் கையாலேயே சக்கரத்தைச் சுற்றி, ஒவ்வொரு தையலாக நான்கு நாட்களில் முடித்தார்கள். வாப்பா உட்கார்ந்த இடத்தின் உறையை மட்டும் இரட்டைத் தையல் போட்டிருந்தார்கள். நான் காரணம் கேட்கவில்லை.

விளக்குகள் மங்கி எரிந்ததற்கு எலி கடித்த ஒயர்தான் காரணம் என்று நினைத்து ஒரு நாள் முழுதும் வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால், ஒயர் வண்டியின் உடலோடு சேரும் எர்த் முனையில் துரு! உப்புத்தாளால் தேய்த்ததும் விளக்கு பளிச்சிட்டது. பழைய வண்டியில் மின்கோளாறு கண்டால் முதலில் எர்த்தைத் தேய்த்துப் பாருங்கள்.

சக்தி சக்கரத்துக்குப் போகும் வழி

ஜீப்பில் ஒரு வசதி உண்டு. இருக்கைகளுக்கு நடுவே தரையிலுள்ள தகட்டைக் கழற்றினால் கியர் பெட்டி மேலிருந்தே கண்ணுக்குத் தெரியும். அதன் பின்னால் இருப்பது ட்ரான்ஸ்ஃபர் கேஸ். எஞ்சினின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். சாதாரண நேரத்தில் பின்சக்கரங்களுக்கு மட்டும் சக்தி. சேற்றிலும் மலையிலும் துணைக் கம்பியை இழுத்தால் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி. காய்ந்த தார்ச்சாலையில் அந்தக் கம்பியைத் தொடாதீர்கள். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வேறுபாட்டை விழுங்க இவ்வண்டியின் நடுவில் வழி ஏதும் இல்லை. பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கித் தேயும்.

அச்சுப் பெட்டியில் எண்ணெய் கசிந்தது. சீல் மாற்றினேன், மறுபடியும் கசிந்தது. மறுபடியும் மாற்றினேன், மறுபடியும்! காரணம் என்ன தெரியுமா? பெட்டியின் மேலுள்ள சிறு மூச்சுத்துளை அடைத்திருந்தது. ஓடும்போது சூடேறும் காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியே தள்ளியிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்து 90 நம்பர் எண்ணெயைப் புதிதாக ஊற்றினோம். கசிவு நின்றது. மூச்சு விட வழியில்லாத இடத்தில் எதுதான் கசியாமல் இருக்கும்!

பிறகு ஜாயிண்ட் ஷாஃப்ட். ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அச்சுக்குச் சக்தியைக் கொண்டு செல்லும் குழல் இது. இதன் இரு முனைகளிலும் கூட்டல் குறி வடிவில் 'கிராஸ்' என்னும் துண்டு இருக்கும். அதன் நான்கு முனைகளிலும் ஊசி போன்ற பேரிங்குகள். அவை வறண்டு தேய்ந்திருந்தன; மாற்றினோம். இரு முனைகளின் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு பொருத்த வேண்டும்; பல் மாறிப் பொருத்தினால் வண்டி முழுதும் அதிரும். கழற்றும் முன்பே அடையாளம் இட்டுக்கொள்வது நல்லது.

அடையாளம் என்றதும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். வாப்பா கைப்பட முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மீதும் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி இருந்தது. நட்டிலும் போல்ட்டிலும் சேர்ந்து விழுமாறு வைத்தது. கருவிப் பெட்டியில் உறைந்துபோன வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும், முனை தேய்ந்த ஒரு தூரிகையும் கிடந்தன. முறுக்கி முடித்தாயிற்று என்பதற்கு அந்தப் புள்ளி சாட்சி. நட்டு தளர்ந்தால் புள்ளி பிரிந்து காட்டிக்கொடுக்கும். விமானப் பணிமனைகளிலும் இவ்வாறு குறியிடும் வழக்கம் உண்டு.

"நாமளும் புள்ளி வைப்போம் வாப்பா" என்றான் மகன். "ஸ்பிரிங் வாஷர் போட்ட நட்டுக்குப் புள்ளி எதுக்குடா?" என்று நான் சிரித்தேன். அவன் பதில் பேசவில்லை. கடையிலிருந்து சிறு டப்பா ஒன்று வாங்கி வந்து, தான் முறுக்கிய நட்டுகளுக்கு மட்டும் புள்ளி வைத்தான்.

முறுக்காமல் விட்ட நட்டு

பின் ஷாஃப்டை அச்சோடு இணைக்கும் வேலை என்னுடையது. 'யூ' வடிவப் போல்ட்டுகள் இரண்டு, நட்டுகள் நான்கு. விரலால் நான்கையும் ஏற்றிவிட்டு ஸ்பேனரை எடுத்த நேரம், திருவனந்தபுரத்தில் வியாபாரம் செய்யும் என் மூத்த காக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"யாரைக் கேட்டு வண்டியைக் கழற்றினே? வாப்பா வண்டி உனக்கு மட்டும் சொந்தமா? நாற்பதாயிரத்துக்கு ஆள் வந்தானாமே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

நானும் விடவில்லை. இருபது நிமிடம் வாக்குவாதம். கோபத்தில் ஸ்பேனரைப் பெட்டியில் எறிந்துவிட்டுக் குளிக்கப் போனேன். மறுநாள் வேறு வேலை. அதற்கு மறுநாள் வேறு வேலை. அந்த நான்கு நட்டுகளை முறுக்கிவிட்டதாகவே என் மனம் எழுதிக்கொண்டது.

நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம், பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கும் மாமியைப் பார்க்க உம்மாவையும் மகனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். போகும்போதே மகன், "ஆக்சிலேட்டர விடும்போது அடியில டக்குன்னு கேக்குது வாப்பா" என்றான். "பழைய வண்டி அப்படித்தான்" என்றேன்.

திரும்பி வரும்போது, குலசேகரத்தை நோக்கி இறங்கும் சாலையில், அடியில் பேரோசை கேட்டது. தொடர்ந்து இரும்பு தார்ச்சாலையில் இழுபடும் ஓசை. எஞ்சின் வெறுமே உறுமிற்று. சக்கரங்களுக்கும் அதற்கும் உறவே அற்றுப்போயிற்று. இறக்கத்தில் கியர் தரும் பிடிமானம் போய்விட்டது. கை பிரேக்கை இழுத்தேன், பயனில்லை. என் வண்டியில் பழைய வில்லீஸ் முறைப்படி கை பிரேக் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் இருந்தது. ஷாஃப்ட் கழன்றுவிட்டால் அது காற்றைத்தான் பிடிக்கும்!

கால் பிரேக் பிடித்தது. அல்ஹம்துலில்லாஹ்! அது என் திறமையன்று. பிரேக் வேலையை மட்டும் என் கையை நம்பாமல் தக்கலையில் ஒரு கைதேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்திருந்தேன். வீட்டில் தாமே வேலை செய்ய விரும்புவோர் இந்த எல்லைக் கோட்டை மறக்க வேண்டாம். இருக்கையில் பிழைத்தால் முதுகு வலிக்கும். பிரேக்கில் பிழைத்தால் உயிர் போகும்.

மகன் பின்னாலிருந்து குதித்து ஓடி, சாலையோரம் கிடந்த கருங்கல் ஒன்றைத் தூக்கி வந்து சக்கரத்தின் முன் வைத்தான். உம்மாவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. நான் கீழே குனிந்து பார்த்தேன். நான்கு நட்டுகளில் ஒன்றுகூட இல்லை. ஷாஃப்டின் பின்முனை தரையில் கிடந்தது. முன்முனை கழன்றிருந்தால் அது சாலையில் குத்தி வண்டியையே தூக்கி எறிந்திருக்கக்கூடும்.

மகன் என் அருகில் குனிந்து பார்த்தான். பக்கத்து நட்டுகளில் வாப்பாவின் புள்ளிகள். அப்பால் அவன் வைத்த புள்ளிகள்.

"இதுல வெள்ள இல்லையே வாப்பா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அச்சொல்லுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அச்சாலையோரத்தில் நின்று, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் கேட்ட ஓசையை நான் கேட்க மறுத்ததற்கும், அவன் புள்ளியைப் பார்த்துச் சிரித்ததற்கும் சேர்த்துக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டுப் போனான்.

தொங்கிய ஷாஃப்டைக் கழற்றி வண்டியில் போட்டோம். துணைக் கம்பியை இழுத்து முன்சக்கரங்களுக்குச் சக்தி கொடுத்தோம். முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்க, திருவட்டாறு வழியாக மெல்ல மெல்ல ஊர்ந்து மஃரிப் நேரத்தில் வீடு சேர்ந்தோம்.

கணக்கு

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் முறுக்காமல் விட்டது நான்கு நட்டுகளை மட்டும்தானா? காக்கா கோபத்தில் சொன்னாலும், சொன்னது உண்மையல்லவா? அது வாப்பாவின் ஜீப். வாப்பா மறைந்த கணமே அது வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிவிட்டது. பாகம் பிரிக்காத சொத்தில், யாரையும் கேட்காமல், 'பாசம்' என்ற பெயரால் நான் கை வைத்திருக்கிறேன். பதிவுச் சான்றில் பெயர் மாற்றவும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்து வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். இவ்வளவு தெரிந்தும் ஆறு ஆண்டுகள் ஒருவருமே அப்பேச்சை எடுக்கவில்லை.

சுபுஹு தொழுதுவிட்டுத் தாளை எடுத்தேன். நான் கை வைக்கும் முன் வண்டியின் மதிப்பு ரூ.40,000. உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு: 5,000. எஞ்சிய 35,000-ஐ இரு ஆண்மக்கள், ஒரு பெண்மகள் என்று ஐந்து கூறாக்கினால், காக்காவுக்கு 14,000; எனக்கு 14,000; தங்கைக்கு 7,000. இவ்வளவு எளிய கணக்குக்கு ஆறு ஆண்டுகள்!

வண்டியைச் சீராக்க நான் செலவிட்டது 52,000. அதை இக்கணக்கில் சேர்க்கவில்லை. கேட்காமல் செய்த செலவை மற்றவர் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

குளச்சலில் இருக்கும் தங்கையிடம் முதலில் போனேன். 7,000 ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டு அழுதாள். "தொகைக்கு இல்ல காக்கா. ஜீப்புல எனக்கும் பங்கு இருக்குன்னு யாரும் சொல்லுவாங்கன்னு நினைக்கல" என்றாள். கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம் என்று சொல்லிப் பெண்மக்களின் பங்கை நாம் எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறோம், வாசகர்களே!

காக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பணத்தை எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்தார். தாளில் கையெழுத்திட்டார். நான் என் தவற்றைச் சொன்னேன், தலையசைத்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பழைய புள்ளிகளுக்கும் புதிய புள்ளிகளுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "சந்தை வரைக்கும் போய் டீ குடிச்சிட்டு வருவமா? நான் பின்னால ஏறிக்கிறேன்" என்றார்.

உம்மா தம் பங்கான 5,000 ரூபாயை வாங்க மறுக்கவில்லை. வாங்கி, சாய்ப்பின் கூரைக்குத் தகடு போடச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் நட்டை முறுக்கினாலும் சரி, ஸ்பேனரைக் கீழே வைக்கும் முன் புள்ளி வைக்க வேண்டும். இடையில் யார் அழைத்தாலும், முறுக்காத நட்டின்மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டுத்தான் எழ வேண்டும்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் கிடக்கும் அந்தப் பொருளை நாளைக் காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அதைச் சீராக்குவதும் விற்பதும் உங்கள் விருப்பம். ஆனால் கை வைக்கும் முன், அது யார் யாருடையது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முடித்த கணக்கின்மேல் ஒரு புள்ளி வையுங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைக் குறைவின்றி நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக!